ஒரு மீட்டர் கோலும் நான்கு நண்பகல்களும்: அரசுப் பள்ளிக்கு அறிவியலோடு போகும் ஐந்து பேருக்கு

கேள்வியின் சாரம் இது. கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கும் ஐந்து பேர், பக்கத்துக் கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு அறிவியலில் ஆர்வம் வரும்படி ஏதாவது செய்ய நினைக்கிறார்கள். ஒரு நாள் விழா, இருநூறு பிள்ளைகள், எரிமலை, ராக்கெட், இரவில் தொலைநோக்கி என்று திட்டம். கையில் பத்தாயிரம் ரூபாய். எங்கே தொடங்குவது, என்ன வாங்குவது?

உங்கள் எண்ணம் நல்லது, திட்டத்தை மாற்றுங்கள். அதே ஐந்து பேர், அதே பணம். ஆனால் இருநூறு பேருக்குப் பதில் ஏழாம் வகுப்பில் நாற்பது பேர், ஒரு நாளுக்குப் பதில் இரண்டு வார இடைவெளியில் நான்கு நாள். இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் பொருளைத் தொடுவது மேடைக்கு அழைக்கப்படும் ஐந்தாறு பேர்தான். மற்றவர்கள் கைதட்டுவார்கள். வீட்டுக்குப் போய், "ஒரு அண்ணா புகை வரவெச்சாரு" என்று சொல்வார்கள். ஆர்வம் அந்தப் பிள்ளைகளிடம் ஏற்கனவே இருக்கிறது. கையால் தொட்டு, அளந்து, தப்பாக அளந்து, திரும்ப அளக்கும் வாய்ப்புத்தான் இல்லை. அதை ஏற்படுத்தித் தருவதுதான் தன்னார்வலர் செய்யக்கூடிய பெரிய காரியம். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் தொடங்கி 2002 வரை அரசு நடுநிலைப் பள்ளிகளிலேயே நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டம் இந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது: சின்னக் குழு, கையில் எளிய பொருள், விடையைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பது.

எந்தப் பரிசோதனை? நான்கு முறை திரும்ப வரவேண்டிய காரணம் பரிசோதனைக்குள்ளேயே இருந்தால் நல்லது. நண்பகல் நிழலை அளப்பது அப்படிப்பட்டது. மின்சாரம் வேண்டாம், நெருப்பு வேண்டாம், ரசாயனம் வேண்டாம். வகுப்பில் ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: "மத்தியானம் வெயில் உச்சியில இருக்கும்போது உங்க நிழல் எவ்வளவு நீளம் இருக்கும்?" அநேகமாக எல்லாரும் "இருக்காது", "காலடியில இருக்கும்" என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். அந்த விடையைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு எல்லாரையும் வெளியே கூட்டிப் போங்கள். ஜனவரி 20ஐ ஒட்டிக் கோவையில் ஒரு மீட்டர் கோலின் நண்பகல் நிழல் சுமார் 61 செ.மீ. இருக்கும். கோலின் உயரத்தில் பாதிக்கும் மேல்! அந்த நிமிடத்தில் பிள்ளைகள் முகத்தில் வரும் குழப்பம்தான் அடுத்த மூன்று வருகைக்கும் மூலதனம். உடனே விளக்கம் சொல்லி அதைக் கலைத்துவிடாதீர்கள்.

ஏன் ஜனவரி என்றால், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. அக்டோபர், நவம்பரில் மேகம். பொங்கல் முடிந்து மார்ச் முதல் வாரம் வரை வானமும் பள்ளியும் இடம் கொடுக்கும். அதோடு கணக்கும் அழகாக அமைகிறது. கோவையின் அட்சரேகையான 11 டிகிரியில் ஜனவரி 20க்கு 61 செ.மீ., பிப்ரவரி 4க்கு 51, பிப்ரவரி 19க்கு 41, மார்ச் 6க்கு 30. இரண்டு வாரத்துக்குச் சுமார் 10 செ.மீ. குறைகிறது. இரண்டு முறை அளந்ததும் மூன்றாவது முறைக்கு எவ்வளவு வரும் என்று பிள்ளைகளே சொல்ல முடியும். சொன்னதைச் சோதித்தும் பார்க்க முடியும். கணித்துச் சொல்லி, அளந்து பார்த்து, சரியாக வந்ததும் ஒரு பிள்ளைக்கு வரும் தெம்பை எந்த எரிமலையும் தராது.

கருவியைச் செய்வோம். ஐந்து பேருக்கு ஒரு கோல் என்றால் எட்டு வேண்டும். முக்கால் அங்குல பி.வி.சி. குழாய் 10 அடி நீளத்தில் வாங்கினால் ஒன்றில் மூன்று கோல் தேறும். மூன்று குழாய் போதும், ஒரு கோல் உபரி. அரை அங்குலக் குழாய் வேண்டாம், காற்றில் ஆடும், வெயிலில் வளையும். அடிக்கு 12 மி.மீ. பிளைவுட். எட்டுக்கு நான்கு அடித் தகட்டில் மூன்றுக்கு இரண்டு அடித் துண்டு ஐந்து வெட்டலாம்; ஆக இரண்டு தகடு. 6 மி.மீ. மலிவு, ஆனால் வெயிலில் நெளிந்துவிடும். பலகையின் குட்டையான ஓரம் ஒன்றின் நடுவில், உள்ளே கொஞ்சம் தள்ளிக் கோலை நிறுத்துங்கள். குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் உருட்டுக் கட்டைத் துண்டு ஒன்றைத் தச்சரிடம் வாங்கி, பலகையின் அடிப்பக்கத்திலிருந்து திருகாணி போட்டு அதன்மேல் குழாயைச் செருகினால் தேவையானபோது கழற்றி வண்டியில் ஏற்றலாம்.

இனி முக்கியமான விஷயம். வெறும் கோலின் நுனி நிழல் தெளிவாக விழாது. சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் ஒரு மீட்டர் தொலைவில் நிழலின் விளிம்பு சுமார் 9 மி.மீ. அகலத்துக்கு மங்கிப் போகும். ஒரு பிள்ளை கறுப்பு முடியும் இடத்தைக் குறிக்கும், இன்னொன்று சாம்பல் முடியும் இடத்தைக் குறிக்கும். கோலை இரண்டு மீட்டர் ஆக்கினால் மங்கலும் இரு மடங்காகும், லாபமில்லை. இதற்கு வழி, கோலின் தலையில் கனமான கறுப்பு அட்டை ஒன்றைக் கிடைமட்டமாக ஒட்டி, குழாயிலிருந்து 3 செ.மீ. தள்ளி, பலகையின் நீளப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் 3 மி.மீ. துளை போடுவது. நிழலுக்கு நடுவில் ஒரு சின்ன ஒளிப்பொட்டு விழும். அதன் நடுவைக் குறித்தால் எட்டுக் குழுவும் இரண்டு மூன்று மி.மீ.க்குள் ஒத்துப்போகும். கோணத்தில் அது பத்தில் ஒரு டிகிரிதான்.

துளை போட்டுவிட்டால் இனிக் கோலின் உயரம் கணக்கில்லை. பலகையிலிருந்து துளை வரைக்குமான உயரம்தான் 100 செ.மீ. இருக்கவேண்டும். நிழலின் தொடக்கமும் கோலின் அடி அல்ல. துளைக்கு நேர் கீழே உள்ள புள்ளி. துளை வழியாக நூலில் தூக்குக் குண்டு தொங்கவிட்டு அந்தப் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் குண்டே வேண்டும் என்றில்லை, நூலில் கட்டிய நட்டு போதும். இந்தப் புள்ளியைக் குறிக்க மறந்து கோலின் அடியிலிருந்து அளப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. நேராக 3 செ.மீ. தப்பு வரும்.

அடுத்த பிழை தரை. பள்ளி முற்றத்துச் சிமென்ட் தரை மழைநீர் வடிவதற்காகச் சற்றே சாய்த்துப் போடப்பட்டிருக்கும். கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும், 60 செ.மீ.க்கு 1 செ.மீ. சரிந்தாலே ஒரு டிகிரி போயிற்று. பலகையின் மேல் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்து, கீழே மடித்த அட்டை கொடுத்துச் சரிசெய்யுங்கள். கைப்பேசியிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியும் உதவும், ஆனால் கேமரா முட்டு இருக்கும் கைப்பேசி நேராக உட்காராது. ஒரு ரசமட்டம் வாங்கிவிடுங்கள். எட்டுக் குழுவும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

பலகையின் நீளம் வடக்கு நோக்கி இருக்கவேண்டும், கோல் தெற்கு ஓரத்தில். திசைக்காட்டி போதும், நம் பகுதியில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். கம்பி போட்ட கான்கிரீட் தூண், இரும்பு கேட், நிறுத்தியிருக்கும் பைக் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். துல்லியமான வடக்கைப் பிள்ளைகளே பிற்பாடு கண்டுபிடிக்கப்போகிறார்கள்.

நேரம் பற்றி ஒரு சொல். நண்பகல் 12 மணிக்கு வராது. இந்தியாவின் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது; கோவை 77க்கு அருகில் இருப்பதால் சூரியன் இங்கே உச்சி வர 22 நிமிடம் கூடுதலாகும். அதன்மேல் பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் வரும் ஏற்ற இறக்கம் வேறு. கோவையில் நவம்பர் தொடக்கத்தில் 12.06க்கு வரும் நண்பகல், பிப்ரவரி நடுவில் 12.36க்கு வருகிறது. உங்கள் நான்கு நாட்களிலும் 12.33க்கும் 12.36க்கும் இடையில் இருக்கும். சென்னையில் செய்கிறவர்கள் 13 நிமிடம் கழித்துக்கொள்ளலாம்.

11.50க்குத் தொடங்கி 1.20 வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒளிப்பொட்டின் நடுவில் பென்சில் புள்ளி, பக்கத்தில் நேரம். பலகையின் மேல் சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய தாள். நூல் புள்ளியை மையமாகவும், அதற்கும் முதல் புள்ளிக்கும் இடைப்பட்ட தூரத்தை ஆரமாகவும் வைத்து ஒரு வில் வரையச் சொல்லுங்கள். நிழல் குறைந்து வில்லுக்கு உள்ளே போய், மறுபடி வளர்ந்து 1.16 அளவில் வில்லைத் தொடும். வில்லின் மேல் இருக்கும் அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்து வடக்கு தெற்கு. ஸ்தபதிகள் சங்கு என்னும் கோலை நட்டு வட்டம் போட்டுத் திசை குறித்த முறை இதுவேதான் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம், அது உண்மை. தொட்ட இரண்டு நேரங்களுக்கு நடு நேரம்தான் அன்றைய நண்பகல்.

இங்கே ஒரு நுணுக்கம். எந்த நிமிடத்தில் நிழல் மிகக் குட்டையாக இருந்தது என்று பார்த்து நண்பகலைக் கண்டுபிடிக்க முயன்றால் முடியாது. உச்சிக்கு ஐந்து நிமிடம் முன்பும் பின்பும் நீளம் அரை மி.மீ. அளவுக்குத்தான் மாறும், யாராலும் பார்க்க முடியாது. நீளம் துல்லியமாகக் கிடைக்கும், நேரம் கிடைக்காது. நேரத்துக்கு வில்தான் வழி. "எங்க குழுவுக்கு 12.25, அவங்களுக்கு 12.40" என்று சண்டை வந்தால் காரணம் இதுதான், அந்தச் சண்டை நல்லது, அதை வைத்தே வில்லுக்குப் போங்கள்.

சத்துணவு நேரம் குறுக்கே வரும். இதை முன்கூட்டியே தலைமை ஆசிரியரிடமும் சத்துணவு அமைப்பாளரிடமும் பேசுங்கள். குழுவில் இரண்டு பேர் சாப்பிட, மூன்று பேர் குறிக்க, பிறகு மாறிக்கொள்ள என்று வைத்தால் சிக்கல் இல்லை. பேசாமல் போனால் 12.30க்கு மணி அடித்ததும் பலகை அருகில் ஒருவரும் இருக்கமாட்டார்கள், அதுதான் நியாயமும். குடிநீரும் தொப்பி அல்லது துண்டும் இருக்கவேண்டும். புள்ளி வைக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் நிழலில் உட்காரட்டும். முதல் நாளிலிருந்தே ஒரு விதி: சூரியனை நிமிர்ந்து பார்க்கக்கூடாது. அளப்பது தரையில், வானத்தில் அல்ல.

கோணம் காண்பது எப்படி? ஏழாம் வகுப்புக்கு முக்கோணவியல் தெரியாது, தேவையும் இல்லை. 100க்கு 61 என்பதை நோட்டில் 10 செ.மீ.க்கு 6.1 செ.மீ. செங்கோண முக்கோணமாக வரைந்து கோலின் தலை இருக்கும் முனையில் கோணமானி வைத்தால் 31 டிகிரி வரும். எட்டுக் குழுவின் விடையையும் கரும்பலகையில் எழுதி, சராசரி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு குழுவுக்கு 36 வந்திருக்கும். எங்கே தவறியது என்று அந்தக் குழுவையே தேட விடுங்கள். சரியான விடையை உங்கள் கைப்பேசியிலிருந்து வாசித்துக் காட்டினீர்களானால் அன்றைய உழைப்பு அத்தனையும் வீண்.

இரண்டாம் வருகையில் திரும்ப அளந்த பிறகு சூரியனையே வகுப்புக்குள் கொண்டுவரலாம். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் 1 செ.மீ. வட்டத் துளை வெட்டுங்கள். மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பந்தில் அதை ஒட்டி, டம்ளர் வாயில் உட்காரவைத்தால் எந்தப் பக்கமும் திருப்பலாம். வெயிலில் வைத்து, 20 மீட்டர் தள்ளி இருட்டாக்கிய அறைச் சுவரில் வெளிச்சத்தைப் பாய்ச்சினால் சுமார் 19 செ.மீ. அகலத்தில் ஒரு வட்டம் விழும். அது துளையின் வடிவம் அல்ல, சூரியனின் பிம்பம். நம்பாதவர்களுக்கு அடுத்த தாளில் சதுரத் துளை போட்டுக் காட்டுங்கள். சுவரில் அப்போதும் வட்டம்தான். அருகில், இரண்டடி தூரத்தில், அட்டையைப் பிடித்தால் சதுரமாகவே இருக்கும். எங்கே சதுரம் வட்டமாகிறது என்று அட்டையை நகர்த்தி அவர்களே தேடட்டும்.

கண்ணாடியிலிருந்து சுவர் வரையுள்ள தூரத்தைப் பிம்பத்தின் அகலத்தால் வகுத்தால் 107ஐ ஒட்டி வரும். சூரியன் 15 கோடி கி.மீ. தொலைவில் இருக்கிறது என்பது அவர்கள் கேட்டிருக்கக்கூடிய எண். அதை 107ஆல் வகுத்தால் சுமார் 14 லட்சம் கி.மீ., அதுதான் சூரியனின் விட்டம். டேப்பும் அளவுகோலும் வைத்துக்கொண்டு ஒரு கிராமத்துப் பள்ளிச் சுவரில் சூரியனை அளக்கலாம் என்பதை நினைத்தாலே மனம் நிறைகிறது. கவனிக்க வேண்டியவை: அறை நன்றாக இருட்டாக வேண்டும், ஜன்னல்களுக்குத் தார்ப்பாயும் பழைய போர்வையும் கொண்டு போங்கள். பிம்பம் இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும், ஆகவே கண்ணாடி பக்கத்தில் ஒருவர் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். அவர் இன்னொரு காரியமும் செய்யவேண்டும்: ஒளிக்கற்றையின் பாதையில் எந்தப் பிள்ளையும் முகத்தைக் கொண்டுவராமல் காப்பது. கண்ணாடியில் தெரியும் சூரியனும் சூரியன்தான்.

மூன்றாம் வருகை பூமியின் சுற்றளவு. எகிப்தில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்தது. பூமி உருண்டை என்பதால் வடக்கே போகப்போக நிழலின் கோணம் மாறும்; இரண்டு ஊரின் கோண வித்தியாசம் 360 டிகிரியில் எத்தனை பங்கோ, அவற்றின் வடக்குத் தெற்குத் தூரமும் சுற்றளவில் அத்தனை பங்கு. இதற்கு இன்னொரு ஊரில் ஒரு துணை வேண்டும். கன்னியாகுமரிக்கும் கோவைக்கும் வித்தியாசம் 3 டிகிரிதான், பிழை விழுங்கிவிடும். வடக்கே எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. உங்கள் வேலையில் நாக்பூரிலோ போபாலிலோ ஒரு நண்பர் கிடைப்பது சிரமமில்லை; அங்கேயும் ஒரு பள்ளி என்றால் இன்னும் நல்லது. இதை ஜனவரி 20இலேயே இரண்டு இடத்திலும் அளந்து வைத்துக்கொண்டு, கணக்கை மூன்றாம் வருகையில் போடலாம். அன்று நாக்பூரில் ஒரு மீட்டருக்கு 88 செ.மீ. வரும், கோணம் 41.3. கோவையின் 31.2ஐக் கழித்தால் 10.1. இரண்டு ஊரும் ஒரே தீர்க்கரேகையில் இருக்கத் தேவையில்லை. அவரவர் நண்பகலில் அளந்தால் போதும். நாக்பூரில் அது 8 நிமிடம் முன்னால் வரும்.

தூரம்தான் எல்லாரும் வழுக்குகிற இடம். சாலை தூரம் கூடாது. ஊருக்கு ஊர் நேர்கோட்டுத் தூரமும் கூடாது. வடக்குத் தெற்காக எவ்வளவு என்பதுதான் வேண்டும்: வரைபடத்தில் இரண்டு ஊர் வழியாகவும் கிழக்கு மேற்குக் கோடு வரைந்து இடைப்பட்ட செங்குத்துத் தூரத்தை அளவை வைத்துக் கணக்கிட்டால் 1,120 கி.மீ. ஒட்டி வரும். அட்சரேகை வித்தியாசத்தை 111ஆல் பெருக்கித் தூரம் எடுக்காதீர்கள். அந்த 111லேயே பூமியின் சுற்றளவு ஒளிந்திருக்கிறது. விடையை வைத்தே விடை கண்டுபிடித்ததாகிவிடும். 360ஐ 10.1ஆல் வகுத்து 1,120ஆல் பெருக்கினால் 40,000 கி.மீ.க்குப் பக்கத்தில் நிற்கும். கோணத்தில் ஒரு டிகிரி தவறினால் விடை 36,000 முதல் 44,000 வரை போகும். ஆகவே இந்தக் கணக்குக்கு மட்டும் நோட்டில் வரைந்த சின்ன முக்கோணம் போதாது. 100க்கு 61 என்பதை வகுப்பறைத் தரையில் முழு அளவிலேயே சாக்பீஸால் வரைந்து கோணம் எடுங்கள். 44,000 வந்தாலும் அது அவர்களுடைய பூமி, திருத்தி எழுதவைக்காதீர்கள்.

நான்காம் வருகையில் நீங்கள் பேசாதீர்கள். வகுப்பாசிரியரும் பிள்ளைகளும் ஆறாம் வகுப்புக்குச் செய்து காட்டட்டும். உங்கள் நான்கு நாள் வேலை பலித்ததா என்று அன்றே தெரிந்துவிடும். "பிடிச்சிருந்ததா?" என்று படிவம் கொடுத்தால் எல்லாரும் ஆமாம் என்றுதான் எழுதுவார்கள், விருந்தாளியிடம் வேறென்ன சொல்வார்கள்? அதற்குப் பதில் புதுக் கேள்வி ஒன்று கேளுங்கள்: நிழல் இப்படியே குறைந்துகொண்டே போனால் என்ன ஆகும்? ஏப்ரல் 18ஐ ஒட்டிக் கோவையில் நண்பகல் நிழல் காணாமல் போகும். அதற்குப் பிறகு தெற்குப் பக்கம் வளரத் தொடங்கும், ஜூன் 21க்கு 22 செ.மீ. ஆகஸ்ட் 24ஐ ஒட்டி மறுபடி இல்லாமல் போகும். சென்னைக்கு அந்த நாட்கள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18. மதுரைக்கு ஏப்ரல் 16, ஆகஸ்ட் 27. ஒரு நாள் முன்பின் ஆனாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு பிள்ளை "நிழல் அந்தப் பக்கம் போயிடும்" என்று தானாகச் சொன்னால் அது புரிந்துகொண்டுவிட்டது.

கோல்களும் பலகைகளும் பள்ளியிலேயே இருக்கட்டும். தொடக்கத்திலிருந்தே ஆசிரியரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். கோலைப் பூட்டுவது, மட்டம் பார்ப்பது எல்லாம் அவர் கையால் நடக்கவேண்டும். நீங்கள் அடுத்த ஆண்டு பெங்களூருக்கு மாறிப் போகலாம், அவர் அங்கேயே இருப்பார். தமிழ்நாடு அரசின் வானவில் மன்றம் என்ற திட்டம் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் செய்து பார்க்கும் அறிவியலை முன்னெடுத்துவருகிறது. உங்கள் பள்ளிக்கு அதன் கருத்தாளர் வருகிறார் என்றால் அவரோடு சேர்ந்து திட்டமிடுங்கள், இரட்டை வேலை வேண்டாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையோடும் பேசுங்கள். 1980இலிருந்து இந்த வேலை செய்கிறவர்கள். எந்தப் பள்ளியில் யாரைப் பார்க்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நான்கு நாளில் சூடு பிடித்த பிள்ளைகள் சேர்ந்து தங்கள் ஊரைப் பற்றி ஓர் ஆய்வு செய்ய விரும்பினால் இயக்கத்தின் வழியாகக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குப் போகலாம். துளிர் என்ற சிறுவர் அறிவியல் இதழுக்குப் பள்ளி பெயரில் ஒரு சந்தா கட்டிவிட்டு வாருங்கள்.

அனுமதியை வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். தலைமை ஆசிரியரின் சம்மதம் முதலில். பிறகு என்ன செய்யப்போகிறீர்கள், யார் யார் வருகிறீர்கள், எந்தெந்தத் தேதி என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நேரம் எடுக்கும், ஆகவே ஜனவரிக்கு நவம்பரிலேயே கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் ஒரு பிள்ளையின் அம்மாவாக இருப்பார். சனி, ஞாயிறு மட்டும்தான் முடியும் என்றால் ஊர்ப்புற நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் இந்தப் பரிசோதனைக்கு நான்கு வேலை நாள் விடுப்பு போடுவது மேல். வகுப்பு முழுவதும் அங்கே இருக்கும், ஆசிரியரும் இருப்பார்.

பிள்ளைகளோடு பழகுவதில் தளர்த்தக்கூடாத சில உண்டு. எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் தனியாக இருக்கக்கூடாது. ஆசிரியர் எப்போதும் கண்ணெட்டும் தூரத்தில். முகம் தெரியும் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். படம் வேண்டுமானால் பலகையையும் கைகளையும் எடுங்கள். கைப்பேசி எண் கொடுக்கவும் வாங்கவும் வேண்டாம், தொடர்பு பள்ளி வழியாகவே. போக்சோ சட்டம் பற்றி ஐந்து பேரும் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். சாதி, குடும்ப வருமானம், அப்பா என்ன வேலை என்ற கேள்விகள் வேண்டாம். "நீ டாக்டராகணும், கலெக்டராகணும்" என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள்.

எரிமலையைப் பற்றிக் கேட்டீர்கள். ஆரஞ்சு நிறப் பொடியைப் பற்றவைத்துப் பச்சைச் சாம்பல் கொட்டும் எரிமலை பல கண்காட்சிகளில் இன்னும் நடக்கிறது. அது அம்மோனியம் டைகுரோமேட். அதிலுள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கும். எரியும்போது பொடி காற்றில் கலந்து முன்வரிசைப் பிள்ளைகள் மூச்சில்தான் போகும். எந்தப் பள்ளியிலும் வேண்டாம். சமையல் சோடாவும் வினிகரும் ஆபத்தில்லை, ஆனால் நுரை பொங்குவதைத் தவிர அதில் எரிமலை எதுவுமில்லை. தண்ணீர் ராக்கெட் நல்ல பரிசோதனைதான். திறந்த மைதானமும், கயிற்றை இழுத்துத் தூரத்திலிருந்து விடுவிக்கும் ஏற்பாடும், புது சோடா பாட்டிலும் இல்லாமல் செய்யாதீர்கள். வெயிலில் கிடந்து வெளுத்த பாட்டில் காற்றழுத்தத்தில் வெடிக்கும்.

ஒத்திகை இல்லாமல் போகாதீர்கள். ஒரு வாரம் முன்பு யாராவது ஒருவர் வீட்டு மாடியில் 11.45 முதல் 1.20 வரை ஐந்து பேரும் நின்று முழுவதும் செய்து பாருங்கள். மாடியின் சரிவு, காற்றில் கிழியும் தாள், மறந்துபோன செல்லோடேப், எல்லாம் அங்கே தெரிந்துவிடும். மேகம் மறைத்தால் என்ன செய்வது என்பதும் கையில் இருக்கவேண்டும். நண்பகலுக்கு இருபுறமும் வில் கிடைக்காவிட்டாலும் 12.20க்கும் 12.50க்கும் இடையில் எப்போதாவது ஒரு நிமிடம் வெயில் அடித்தால் நீளம் கிடைத்துவிடும், அன்றைக்கு அது போதும். ஐவரில் ஒருவர் வரமுடியாமல் போகும் நாள் வரும். நான்கு பேருக்கு, ஆளுக்கு இரண்டு குழு என்று திட்டமிட்டால் ஐந்தாமவர் கடிகாரத்தையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்வார்.

பாடப் புத்தகத்தில் உள்ள சொற்களையே பயன்படுத்துங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை, கோணமானி என்று அவர்கள் படிப்பது ஒன்று, நீங்கள் ஆங்கிலத்தில் சொல்வது இன்னொன்று என்றால் இரண்டும் ஒட்டாது. அந்த வகுப்பின் அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் புத்தகங்களைப் புரட்டிவிட்டுப் போவதற்கு ஒரு மாலை போதும்.

கடைசியாகத் தொலைநோக்கி. இப்போது வாங்காதீர்கள். பொம்மைக் கடைத் தொலைநோக்கிகளின் தாங்கி ஆடிக்கொண்டே இருக்கும், எதுவும் தெரியாது, பிள்ளைகள் "தெரியுது" என்று மரியாதைக்குச் சொல்வார்கள். நல்ல கருவி இருந்தாலும் கணக்கு இடிக்கும். நாற்பது பேர், ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் நாற்பது நிமிடம் வரிசை. ஐம்பது மடங்கு பெருக்கி ஒரு டிகிரி பார்வைப் புலம் கொண்ட கருவியில், நடுவில் வைத்த சனிக்கோள் பூமி சுழல்வதால் இரண்டு நிமிடத்தில் விளிம்பைத் தாண்டிவிடும். இரண்டு பேருக்கு ஒருமுறை சரிசெய்ய ஒருவர் அங்கேயே நிற்கவேண்டும். இரவில் பிள்ளைகளை வரவழைத்தால் பெற்றோர் உடன் வரவேண்டும், வீடு திரும்ப வழி இருக்கவேண்டும், மைதானத்தில் பாம்பு பார்க்கவேண்டும். முதல் ஆண்டில் இத்தனையும் சுமக்காதீர்கள். பணம் மிஞ்சினால் பத்துக்கு ஐம்பது (பத்து மடங்கு பெருக்கும், 50 மி.மீ. வில்லை கொண்ட) பைனாகுலர் ஒன்றும், அதை மாட்ட உறுதியான முக்காலியும் வாங்குங்கள். சந்திரனின் பள்ளங்களும் வியாழனின் நான்கு நிலாக்களும் கார்த்திகை நட்சத்திரக் கூட்டமும் அதில் தெரியும். சனியின் வளையம் தெரியாது, அதற்கு 25 மடங்காவது வேண்டும். வளர்பிறை ஆறாம், ஏழாம் நாள் மாலை ஆறரை மணிக்குத் தொடங்கினால் சந்திரன் உயரத்தில் இருக்கும், பள்ளங்களின் நிழல் நீளமாக விழுந்து தெளிவாகத் தெரியும். எட்டு மணிக்குள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம். பௌர்ணமியில் வைக்காதீர்கள், நேர் வெளிச்சத்தில் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, வெறும் வெள்ளைத் தட்டுதான் தெரியும். பகலில் பைனாகுலரைப் பெட்டியில் பூட்டிச் சாவியை ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை அதைச் சூரியன் பக்கம் திருப்ப ஒரு நொடி போதும், போன பார்வை திரும்பாது.